கால் உளைச்சலுக்கு நீண்ட நேரம் நிற்கும் மருந்து: மாத்துவதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

"எட்டு மணிக்கு மாத்திரை போட்டா ரெண்டு மணி வரைக்கும் பரவாயில்லீங்க. அதுக்கப்புறம் கால் ஒளைய ஆரம்பிச்சுருது. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கற மாதிரி மாத்திரை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

திருப்பூரில் மெடிக்கல் கடையில் நிற்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கேட்பவர்கள் பெரும்பாலும் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம், சுருக்கமாக ஆர்.எல்.எஸ்., என்று சீட்டில் எழுதப்பட்டவர்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மாத்திரை பாதி ராத்திரியில் கைவிடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றுக்கு நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து உதவலாம். இன்னொன்றுக்கு அதே வகையில் நீண்ட நேர மருந்தைக் கொடுத்தால், கொஞ்ச நாள் நன்றாக இருப்பது போலத் தெரிந்து அப்புறம் நிலைமை இன்னும் மோசமாகும். உங்களுக்கு எந்தக் காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மருந்தின் பெயரெல்லாம் அதற்கப்புறம்.

இங்கே சொல்லும் அளவுகள் மருத்துவரிடம் பேசுவதற்கு உதவ மட்டுமே. நீங்களாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ள அல்ல.

முதலில், இது ஆர்.எல்.எஸ். தானா?

கொங்குப் பக்கம் எல்லாக் கால் தொந்தரவுக்கும் 'கால் கடுக்குது' என்று சொல்லிவிடுவோம். பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்று செக்கிங் பார்க்கும் பெண்ணுக்கும் கடுக்கும், சர்க்கரை நோயில் பாதம் எரிபவருக்கும் கடுக்கும். ஆர்.எல்.எஸ். என்றால் ஐந்தும் பொருந்த வேண்டும்: காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல், உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது அதிகமாவது, எழுந்து நடந்தால் அந்த நேரத்துக்காவது குறைவது, சாயங்காலத்திலும் இரவிலும் கூடுவது, வேறு நோயால் வந்தது இல்லை என்று உறுதியாவது.

கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி வலித்தால் அது குரக்கு வலி. நடந்தாலும் நடக்காவிட்டாலும் பாதம் ஒரே மாதிரி எரிந்தால் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பைச் சந்தேகிக்க வேண்டும். நாள் முழுக்க நின்றதால் வீங்கி, காலைத் தூக்கி வைத்தால் சரியாவது ரத்த நாளப் பிரச்சினையாக இருக்கலாம். ஒருவருக்கே இதில் இரண்டு சேர்ந்தும் வரும், அதுதான் சிக்கல். கோவையிலிருந்து சென்னைக்கு ஆம்னி பஸ்ஸில் உட்கார்ந்து போக முடியாமல், கிருஷ்ணகிரி வருவதற்குள் நாலு முறை எழுந்து நின்றவர் என்றால் எனக்கு அதிகச் சந்தேகம் இருக்காது.

இந்த நோயை 1672-இலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். 1945-இல் சுவீடனின் கார்ல்-ஆக்செல் எக்பாம் விரிவாக விவரித்துப் பெயரும் வைத்தார். 'எல்லாம் மனசுதான்' என்று வீட்டில் சொன்னால் இதைச் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டு வாரம் எழுதுங்கள்

வீட்டில் கிழிக்கும் தினசரி நாட்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். தினமும் நாலே விஷயம்: மாத்திரை போட்ட நேரம், உளைச்சல் முதலில் தொடங்கிய நேரம், எங்கெல்லாம் வந்தது, ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தீர்கள். அன்று சளி மாத்திரை, வாந்தி மாத்திரை என்று வேறு ஏதாவது போட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி எழுதி வந்த தாள்கள் இரண்டு வகையாகப் பிரியும். ஒரு பெரியவரின் தாளில் இருந்தது இது: 'மாத்திரை 9 மணி. படுத்ததும் தூக்கம். 3.40 எழுந்தேன். வாசலில் நடை. 5 மணிக்குத்தான் நின்றது.' சாயங்காலத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் சாயங்காலம் அவருக்கு ஒன்றும் இல்லை. சிங்கர் மிஷினில் உட்காரும் ஒரு அம்மாவின் தாள் வேறு மாதிரி: 'மாத்திரை 9 மணி. ஆனா 4.30க்கே மிஷின்ல உக்கார முடியல. டீ டயத்துக்கப்புறம் கையிலயும். போன வருசம் ராத்திரி பத்துக்குத்தான் வரும்.'

முதல் தாளில் மாத்திரை விடியும் முன்பே தீர்ந்துபோகிறது. மருத்துவர்கள் இதை ரீபவுண்ட் என்பார்கள். இரண்டாம் தாளில் இருப்பது ஆக்மென்டேஷன். மருந்தே நோயைத் தூண்டிவிடும் நிலை அது.

ஆக்மென்டேஷன்: இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு

ஆர்.எல்.எஸ்.ஸுக்கு நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது, மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைப் போல வேலை செய்யும் மருந்துகள்: ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல். சில சமயம் லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த மாத்திரை. முதல் ராத்திரியிலேயே கால் அடங்கிவிடும் என்பதால் நோயாளிக்கும் மருத்துவருக்கும் இதன் மேல் பிரியம் வருவது இயல்பு.

மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்து சிலருக்கு இந்த மருந்தே எதிராகத் திரும்புகிறது. அறிகுறிகள் இவை. முன்பு பத்து மணிக்கு வந்தது ஆறுக்கு, நாலுக்கு என்று முன்னால் நகரும். உட்கார்ந்து அரை மணி கழித்து வந்தது ஐந்து நிமிடத்தில் வரும். காலில் மட்டும் இருந்தது தொடைக்கும் கைக்கும் ஏறும். மாத்திரை போட்டால் கிடைக்கும் நிம்மதி நேரம் சுருங்கும். எல்லாவற்றையும் விடத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு: அளவைக் கூட்டினால் சில வாரம் சுகம், அப்புறம் முன்னைவிட மோசம்.

லெவோடோபாவில் இது மிக அதிகம். அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறக்குறைய ஒன்றரை மணிதான். ரோபினிரோலுக்கு ஆறு மணி நேரம், ப்ராமிபெக்ஸோலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு. குறுகிய நேரம் நிற்கும் மருந்தில் ஆக்மென்டேஷன் சீக்கிரம் தெரிவதால், நீண்ட நேரம் நிற்பதற்கு மாறினால் தீர்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள். 2016-இல் வந்த சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரையிலும் அது ஒரு வழியாகச் சொல்லப்பட்டது. இப்போது காற்று மாறிவிட்டது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2025-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல், ரோட்டிகோட்டின் ஒட்டு, லெவோடோபா ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. காபாபென்டின், ப்ரீகாபலின் வகையையும், தேவைப்பட்டவர்களுக்கு நரம்பு வழி இரும்புச் சத்தையும் முன்னிறுத்துகிறது.

எனவே உங்கள் தாள் இரண்டாம் வகை என்றால், 'அதே மருந்தில் நீண்ட நேரம் நிற்கிறது' என்பதைக் கேட்காதீர்கள். வேறு வகை மருந்துக்கு மாறுவதைப் பற்றிக் கேளுங்கள். தாள் முதல் வகையாக இருந்தால் வழிகள் கொஞ்சம் அதிகம். மாத்திரை நேரத்தைத் தள்ளிப் பார்ப்பது, நீண்ட நேர வடிவத்துக்கு மாறுவது, அல்லது அப்போதும் வேறு வகைக்குப் போவது.

மருந்தைத் தொடுமுன் இரும்பு

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஆர்.எல்.எஸ்.ஸில் மூளையில் இரும்புக் குறைவு ஒரு முக்கியக் காரணம். ஹீமோகுளோபின் 13 இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது என்று லேப் தாளைக் காட்டுவார்கள். அது போதாது. பார்க்க வேண்டியது ஃபெரிட்டின் (உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டுவது), கூடவே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது).

காலையில் ரத்தம் கொடுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிடுபவர் முந்தின நாளே நிறுத்திக்கொள்ள வேண்டும். காய்ச்சல், சளி இருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து தெரியும்.

லேப் தாளில் 'நார்மல் 15 முதல் 150' என்ற மாதிரி அச்சிட்டிருப்பார்கள். உங்களுக்கு 32 வந்தால் லேப் கணக்குப்படி நார்மல். ஆர்.எல்.எஸ். கணக்கு வேறு. ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே, அல்லது சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பெரியவர்களுக்கு இரும்பு கொடுக்கச் சொல்கிறது அதே வழிகாட்டு நெறி. 75-க்கும் 100-க்கும் இடையில் இருந்தால் மாத்திரையாகக் கொடுத்துப் பெரிய பயன் இல்லை, நரம்பு வழிதான். அதற்கான ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் இங்கேயும் கிடைக்கிறது. மருத்துவமனையில் டிரிப்ஸாக ஏற்றிக்கொள்ள வேண்டும்.

மாத்திரையாக எடுப்பவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாலும் உடம்பு நன்றாக ஏற்றுக்கொள்ளும், வயிற்றுத் தொந்தரவும் குறையும். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூடவே இருந்தால் நல்லது. டீ, காபி முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது வேண்டாம். காலையில் காபி இல்லாமல் கண் திறக்காத ஊர் நம்முடையது, தெரியும். அப்படியானால் இரும்பை ராத்திரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கம்பஞ்சோறும் ராகிக் களியும் நல்ல சாப்பாடுதான், விட்டுவிடாதீர்கள். ஆனால் 20-இல் இருக்கும் ஃபெரிட்டினைச் சாப்பாட்டால் மட்டும் 75-க்குக் கொண்டுபோவது ஆகிற காரியம் இல்லை.

இரும்பு ஏன் குறைந்தது என்றும் கேட்க வேண்டும். அதிக மாதவிடாய், மூலம், குடலில் ரத்தக் கசிவு. ஐம்பது தாண்டிய ஆண் ஒருவருக்கு இரும்பு குறைந்திருந்தால், கால் உளைச்சலைவிட அதைத்தான் முதலில் துருவிப் பார்க்க வேண்டும்.

பக்கத்து அட்டையில் இருக்கும் எதிரி

மெடிக்கல் கடைக்காரனாக நான் அதிகம் எரிச்சல்படும் இடம் இது. புது மாத்திரைக்கு மாற வருகிறவரின் கைப்பையிலேயே உளைச்சலைக் கூட்டும் மருந்து இருக்கும். சளிக்குப் போடும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை, தூக்கம் வர வைக்கும் இருமல் சிரப், வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு, தலைசுற்றலுக்கான ப்ரோகுளோர்பெரசின், மனநலத்துக்கான சில மருந்துகள், அமிட்ரிப்டிலின். இதில் சளி மாத்திரையை நிறுத்துவது சுலபம். மனநல மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதிய மருத்துவரிடம் 'எனக்குக் கால் உளைச்சல் இருக்குதுங்க' என்று சொன்னால் மாற்று உண்டா என்று பார்ப்பார்.

இன்னொன்று. ப்ரீகாபலின் நம் கடைகளில் தனியாகவும் கிடைக்கும், நார்ட்ரிப்டிலின் கலந்தும் கிடைக்கும், மெத்தில்கோபாலமின் கலந்தும் கிடைக்கும். நரம்பு வலிக்கு நார்ட்ரிப்டிலின் கலந்தது நல்ல மருந்து. ஆனால் நார்ட்ரிப்டிலின் சிலருக்கு ஆர்.எல்.எஸ்.ஸைக் கிளறிவிடும். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்வது போல ஆகும். 'தனி ப்ரீகாபலின் போதுங்களா சார்?' என்று மருத்துவரிடம் கேளுங்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரே பெயரின் பின்னால் ஒற்றை எழுத்து மாறினாலே கலவை மாறும்.

என்னென்ன வழிகள்

நீண்ட நேர ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல். இவை பார்க்கின்சன் நோய்க்காக வடிவமைக்கப்பட்டவை. நீண்ட நேர ப்ராமிபெக்ஸோலின் மிகக் குறைந்த அளவே 0.375 மி.கி. ஆர்.எல்.எஸ்.ஸுக்குத் தொடங்குவது 0.125, பெரும்பாலும் 0.5-க்கு மேல் போகக் கூடாது. அதாவது 'கொஞ்சம் நீண்ட நேரம்' என்று மாறும்போது அளவும் ஓசைப்படாமல் ஏறிவிடலாம். இந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பாதியாக உடைத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும்.

ரோட்டிகோட்டின் ஒட்டு. தோலில் ஒட்டினால் 24 மணி நேரமும் மருந்து இறங்கும். ஆர்.எல்.எஸ்.ஸுக்கு ஒரு நாளைக்கு 1 மி.கி.யில் தொடங்கி 3 வரை. தினமும் புது இடத்தில் ஒட்ட வேண்டும், அதே இடத்துக்கு 14 நாள் கழித்துத்தான் திரும்ப வேண்டும். சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே போகும்; சுடுதண்ணீர்ப் பை, சித்திரை வெயில் இரண்டுக்கும் ஜாக்கிரதை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் எடுத்துவிட வேண்டும். விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருப்பு வைத்திருக்க மாட்டார்கள். இதுவும் டோபமைன் வகைதான் என்பதை மறக்கக் கூடாது.

காபாபென்டினும் ப்ரீகாபலினும். அரை ஆயுள் என்று பார்த்தால் ப்ரீகாபலினுக்கு ஆறு மணி நேரம் சொச்சம், காபாபென்டினுக்கு ஐந்திலிருந்து ஏழு. காகிதத்தில் ப்ராமிபெக்ஸோலைவிடக் குறைவு! ஆனாலும் ராத்திரி முழுக்கத் தாங்குகிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம், இவை வேறு வழியில் வேலை செய்வதும் தூக்கத்தைத் துண்டாக்காமல் ஆழப்படுத்துவதும். முக்கியமாக, ஆக்மென்டேஷன் குறைவு. 2014-இல் வெளியான ஓராண்டு ஒப்பீட்டு ஆய்வு ஒன்றில் ப்ரீகாபலின் 300 மி.கி. எடுத்தவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும், ப்ராமிபெக்ஸோல் 0.5 மி.கி. எடுத்தவர்களில் 7.7 சதவீதத்தினருக்கும் ஆக்மென்டேஷன் வந்தது. 'எத்தனை மணி நேரம் நிற்கும்?' என்பதைவிட 'ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கும்?' என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் சொல்வது இதனால்தான்.

குளோனசெபாமைப் பற்றியும் ஒரு வார்த்தை. உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்கும், ஆகவே இதுதான் நீண்ட நேர மருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். தூக்கம் தரும், கால் உந்துதலை அவ்வளவாகக் குறைக்காது. பழக்கமாகும். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். எதற்கும் அடங்காத கடும் நிலைக்குக் குறைந்த அளவு ஓபியாய்டு (மார்ஃபின் வகை) மருந்துகள் உண்டு. அது நிபுணரின் கையில் இருக்கும் விஷயம்.

மருத்துவரிடம் போகும்போது

கொண்டுபோக வேண்டியவை: அந்த இரண்டு வாரத் தாள், ஃபெரிட்டின் ரிப்போர்ட், கிரியாட்டினின் ரிப்போர்ட், வீட்டில் போடும் எல்லா மருந்தின் அட்டையும். கிரியாட்டினின் எதற்கு என்றால் ப்ரீகாபலின், காபாபென்டின், ப்ராமிபெக்ஸோல் மூன்றும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகின்றன. சிறுநீரகம் மந்தமாக இருப்பவருக்கு அளவைக் கணிசமாகக் குறைத்தே கொடுக்க வேண்டும்.

நேரம் குறைவாக இருக்கும், ஆகவே மூன்று வரியில் சொல்லிவிடுங்கள். "சார், ரெண்டு வருசமா ப்ராமிபெக்ஸோல் போடறனுங்க. முன்ன ராத்திரி பத்துக்கு வந்தது இப்ப சாயங்காலம் நாலுக்கே வருதுங்க, கையிலயும் வருதுங்க. அளவு கூட்டறதுக்கு முன்ன இது ஆக்மென்டேஷனான்னு பாத்துச் சொல்றீங்களா?" யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உள்ளூர் டாக்டர் நரம்பியல் நிபுணரைப் பார்க்கச் சொன்னால் தயங்காதீர்கள். தனியாரிடம் போக வசதி இல்லாதவர்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. கர்ப்ப காலத்தில் ஆர்.எல்.எஸ். சகஜம், பலருக்குப் பிரசவத்துக்குப் பின் தானாக அடங்கும். இரும்பைத் தவிர வேறு எதையும் மகப்பேறு மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

மாறும் முறை

டோபமைன் வகையிலிருந்து ப்ரீகாபலினுக்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். அதிகம் நடப்பதும் இதுதான்.

பழையதை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்குவது கிடையாது. பழையது அப்படியே இருக்க, புதியது மேலே ஏறும். ராத்திரி படுப்பதற்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் முன்பு 75 மி.கி., அறுபத்தைந்து தாண்டியவர் என்றால் 50. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு 150. தேவைக்கேற்ப அங்கிருந்து படிப்படியாக. பலருக்கு 150-க்கும் 450-க்கும் இடையில் எங்காவது பிடித்துக்கொள்ளும். காபாபென்டின் என்றால் 300-இல், வயதானவருக்கு 100-இல் தொடங்குவார்கள். 900 முதல் 2400 வரை போகலாம். காபாபென்டினில் ஒரு விசேஷம்: ஒரே நேரத்தில் அதிகம் விழுங்கினால் குடல் முழுவதையும் உறிஞ்சாது. பெரிய அளவைச் சாயங்காலம் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று பிரித்துக் கொடுப்பது அதனால்தான். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட்டுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

ப்ரீகாபலினின் நீண்ட நேர மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் முழுதாக விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் சரியாக ஏறாது.

பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 'வலிப்பு நோய்க்கு' என்று இருக்கும். முன்பு ப்ராமிபெக்ஸோல் தாளில் பார்க்கின்சன் என்று பார்த்து வீடே அழுதிருக்கும். உங்களுக்கு வலிப்பும் இல்லை, பார்க்கின்சனும் இல்லை.

முதல் சில நாள் தலை லேசாகச் சுற்றும், காலையில் மந்தமாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் பழகிவிடும். கணுக்கால் வீக்கம், எடை கூடுவது இரண்டையும் கவனியுங்கள். மதுவோடு சேரவே கூடாது. தூக்க மாத்திரையோ மூச்சுத் திணறல் நோயோ இருந்தால் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். முகம் வீங்கினாலோ, மூச்சு மந்தமானாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலோ அன்றே மருத்துவமனை.

புதியது ஓரளவு பிடித்தபின் பழையதைக் குறைப்பது. ப்ராமிபெக்ஸோல் 0.5-இல் இருப்பவர் என்றால் 0.375, 0.25, 0.125 என்று ஒவ்வொரு படியாக, ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு வாரம் நின்று இறங்குவது பொறுத்துக்கொள்ளக்கூடிய வேகம். ஒவ்வொரு படியிலும் சில ராத்திரி மோசமாக இருந்து அப்புறம் சமனாகும். அவசரப்பட்டு இரண்டு படி தாண்டாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உளைச்சல் மட்டும் வராது. பதற்றம், வியர்வை, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து வரலாம்.

கடைசி மாத்திரையை விடும் வாரம்

இதைப் பூசி மெழுகிச் சொல்வதில் அர்த்தம் இல்லை. ஆக்மென்டேஷன் ஆனவர்களுக்குக் கடைசி 0.125-ஐ விட்டபின் வரும் சில ராத்திரிகள் கடுமையானவை. சிலருக்குத் தூக்கமே இருக்காது. பெரும்பாலும் சில நாளில், அதிகம் போனால் ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். 'புது மருந்து வேலை செய்யல' என்று பழைய அட்டையைத் தேடி எடுப்பது இந்த வாரத்தில்தான். நிஜத்தில் அப்போது பேசுவது பழைய மருந்து போன வெறுமை. புது மருந்தின் தரத்தை இந்த வாரத்தில் எடை போட முடியாது.

ஆகவே நாளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் கல்யாணம் இருக்கும் முகூர்த்த மாதம் வேண்டாம். பனியன் கம்பெனியில் தீபாவளி ஆர்டர் ஓடும்போது வேண்டாம். தீபாவளிக்குக் கம்பெனி லீவு விட்டபின், அல்லது பொங்கலை ஒட்டி, நாலைந்து நாள் பகலில் தூங்க முடிகிற சமயம் பார்த்து வையுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். "ஏனுங்க, பேசாம படுத்துத் தூங்குங்க" என்று சொன்னால் கோபம்தான் வரும்.

ராத்திரியில் உதவுவது: கெண்டைக்காலை அழுத்திப் பிடித்துவிடுவது, வெந்நீர் அல்லது குளிர்ந்த நீர் (யாருக்கு எது என்று போட்டுப் பார்த்துத்தான் தெரியும்), திண்ணையிலோ மொட்டை மாடியிலோ நடை. மூளைக்கு வேலை கொடுத்தாலும் உளைச்சல் குறையும். டி.வி. பார்ப்பது அதற்குப் போதாது. பூக் கட்டுவது, கணக்கு நோட்டை எடுத்துச் சரிபார்ப்பது, தாயம் ஆடுவது போல கையும் கவனமும் சேர்ந்த வேலை வேண்டும்.

நைட் ஷிப்ட், லாரி

இந்த மாவட்டங்களில் இதைப் பேசாமல் முடிக்க முடியாது. சோமனூர், பல்லடம் தறிக்காரர்களும் திருப்பூர் நிட்டிங்காரர்களும் வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறார்கள். மருந்தின் நேரம் கடிகாரத்தை ஒட்டியதா, தூக்கத்தை ஒட்டியதா? உளைச்சல் உடம்பின் உள்கடிகாரத்தைப் பார்த்து ராத்திரியில்தான் அதிகம் வரும், நீங்கள் தறியில் நின்றாலும் சரி. நின்றுகொண்டே வேலை என்றால் அப்போது தொந்தரவு தெரியாது. பகலில் வந்து படுக்கும்போதுதான் மருந்து தேவைப்படும். உட்கார்ந்து செய்யும் ராத்திரி வேலை என்றால் கதை வேறு, தூக்கம் தரும் மருந்தைப் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார முடியாது. முடிந்தால் நிலையான ஷிப்ட் கேட்டு வாங்குங்கள். அதற்கு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுக்கலாம்.

நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களுக்கும் திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரர்களுக்கும்: டோபமைன் வகை மருந்துகள் முன்னறிவிப்பே இல்லாமல் திடீர்த் தூக்கத்தை வரவைக்கலாம். ப்ரீகாபலின் மந்தத்தை உண்டாக்கும். மாற்றும் வாரங்களில் ஸ்டியரிங் வேண்டாம். கிளீனர் கூட இருக்கிறாரே என்ற சமாதானமும் வேண்டாம்.

வீட்டார் கவனிக்க வேண்டியது

டோபமைன் வகையில் இருப்பவர்களில் சிலருக்குக் கட்டுப்படுத்த முடியாத பழக்கங்கள் முளைக்கும். சூதாட்டம், காரணமே இல்லாத செலவு, பாதி ராத்திரியில் தின்பது, காம வேட்கை. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி தடை. ஆனால் பொள்ளாச்சிக்காரருக்கும் கோவைக்காரருக்கும் பாலக்காடு எட்டும் தூரம்தான். அதுவரை ஒரு சீட்டுகூட வாங்காத மனுஷன் வாளையாறு தாண்டிப் போய்க் கட்டுக்கட்டாக லாட்டரி வாங்கி வந்தாலோ, போனில் ரம்மியில் பணம் கரைந்தாலோ, குணம் கெட்டுப்போச்சு என்று திட்டுவதற்கு முன் மாத்திரை அட்டையைப் பாருங்கள். நோயாளி தானாக இதைச் சொல்ல மாட்டார், வெட்கம் தடுக்கும். மனைவியோ மகனோதான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீண்ட நேர வடிவத்துக்கு மாறி அளவு ஏறியிருந்தால் இன்னும் கூர்ந்து கவனியுங்கள்.

மாறியபின்

ஒரு மாதம் கழித்து மறுபடியும் இரண்டு வாரம் அதே தாளை எழுதுங்கள். சர்வதேச அளவில் பத்துக் கேள்விகளைக் கொண்டு 0 முதல் 40 வரை மதிப்பிடும் ஒரு அளவுகோல் இருக்கிறது. 20-க்கு மேல் என்றால் கடுமை. மாறுவதற்கு முன்னும் பின்னும் மருத்துவரிடம் அதைப் போட்டுப் பார்க்கச் சொன்னால், 'பரவாயில்லீங்க' என்ற வார்த்தைக்கு ஒரு எண் கிடைக்கும். உளைச்சல் முழுதாகப் போயிருக்க வேண்டியதில்லை. ராத்திரி தொடர்ந்து தூங்க முடிகிறதா, சாயங்காலம் உட்கார முடிகிறதா என்பதுதான் கணக்கு.

இரும்பு எடுத்தவர் மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பாருங்கள். தேவைக்கு மேல் ஏற்றிக்கொண்டே போவதும் கெடுதல்தான். ப்ரீகாபலினையும் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. குறைந்தது ஒரு வாரமாவது எடுத்து இறக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது இரண்டு நாள் மாத்திரை கூடுதலாகவும் சீட்டின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாமல் இதை எந்தக் கடையிலும் கேட்காதீர்கள், தரவும் கூடாது.

மிச்சம் இருக்கும் ப்ராமிபெக்ஸோல் அட்டையை அலமாரியில் வைக்காதீர்கள். மோசமான ஒரு ராத்திரியில் கை அதைத்தான் தேடும். கால் கடுக்குது என்று வரும் பக்கத்து வீட்டு ஆத்தாவுக்கும் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவருக்கு இருப்பது வெறும் குரக்கு வலியாக இருக்கலாம்.